சஃபரும் சஃபாரியும்: கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒன்பது நாட்கள்



‘சஃபாரி’ என்றவுடன் கூரை திறந்த வண்டியும், கழுத்தில் தொங்கும் கேமராவும், புல்வெளியில் படுத்திருக்கும் சிங்கமும் நம் நினைவுக்கு வருகின்றன. அது ஏதோ வெள்ளையர் விட்டுச்சென்ற பொழுதுபோக்கு என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். ஆனால் அச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்றது சுவாஹிலி மொழியிலிருந்து. சுவாஹிலிக்கு வந்தது அரபியிலிருந்து. நாம் துஆவிலும் பேச்சிலும் வழங்கிவரும் ‘சஃபர்’தான் அது. சுவாஹிலியில் சஃபாரி என்றால் பயணம், அவ்வளவே. மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநரும் தம் பயணத்தை அப்படித்தான் சொல்வார்.

2024ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில், விருத்தாசலத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் கென்யா சென்று வந்தோம். நாங்கள் இருவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், அவளுக்கு இளைய மகன், எங்கள் அம்மா. அந்தப் பயணத்தில் கண்டவற்றையும், எங்கள் வீட்டுக்குள் அது திறந்துவைத்த ஒரு பேச்சையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

புறப்படுமுன் எழுந்த கேள்விகள்

எங்கள் அத்தா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை ஒன்றை நடத்தியவர். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டெடுக்கும் வேலை. இன்று கொலுப் பொம்மைகளுக்கும் விளக்குகளுக்கும் பெயர்பெற்ற எங்கள் ஊரில், வீடுகளுக்கான ப்யூஸ் கேரியர்களும் ஏராளமாகச் செய்யப்பட்டன. அத்தாவின் கைகள் பெரும்பாலும் அவற்றைச் செய்தே தேய்ந்தன. நாங்கள் பயணம் போவதற்கு முந்தைய ஆண்டு அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அம்மா நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார்கள். இத்தா முடிந்த பிறகும் அந்த அறையை விட்டு அவர்கள் மனத்தளவில் வெளியே வரவில்லை. தொழுகை, ஓதல், சிறிது கஞ்சி, பிறகு மௌனம். பேரப்பிள்ளைகள் கேட்டதற்கு மட்டும் பதில் வரும். ஆறேழு மாதங்கள் இப்படியே கழிந்தன. “எங்காவது அழைத்துப் போங்கள்” என்று சொன்னவர்கள் பலர். எங்கே என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவே ஒருநாள், “உங்க அத்தா டிவியில அந்த மாடுங்க ஆத்தைத் தாண்டுறதப் பார்த்துக்கிட்டே இருப்பாரு, ஞாபகமிருக்கா?” என்றார்கள். கென்யாவின் மாரா ஆற்றைத்தான் அவர்கள் சொன்னார்கள்.

உறவினரிடையே இரண்டு கேள்விகள் எழுந்தன. கணவரை இழந்தவர் காட்டு விலங்குகளைப் பார்க்கப் போவதா என்பது முதலாவது. இத்தாவுக்குக் காலவரம்பு வகுத்தவன் அல்லாஹ். அந்த வரம்புக்குப் பிறகும் ஒரு பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திவைப்பது வழக்கமாக இருக்கலாம், மார்க்கமாகாது. மகனே மஹ்ரமாக உடன் வருகிறார். இதை எங்கள் ஊர் ஆலிமும் உறுதிப்படுத்தினார்.

இரண்டாவது கேள்வி கனமானது. இவ்வளவு செலவு இஸ்ராஃப் ஆகாதா? நாங்கள் சென்ற 2024இல், மசாய் மாராவுக்குள் நுழைய ஜூலை முதல் டிசம்பர் வரை பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர் கட்டணம். ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். விமானம், வண்டி, தங்குமிடம் எல்லாம் தனி. இது சிறிய தொகையன்று. நாங்கள் ஒரு வரிசை வகுத்துக்கொண்டோம். அத்தாவின் கடன்கள் முதலில் தீர்க்கப்பட்டன. வாரிசுப் பங்குகள் ஷரீஅத்படி பிரிக்கப்பட்டன. அவ்வாண்டின் ஜகாத் கொடுக்கப்பட்டது. அத்தாவும் அம்மாவும் ஹஜ்ஜுக் கடமையை முன்பே நிறைவேற்றியிருந்தார்கள். அதன் பிறகு எஞ்சிய எங்கள் சேமிப்பிலிருந்தே, வட்டிக்கடன் ஏதுமின்றிப் புறப்பட்டோம். எல்லோரும் இப்படிச் செலவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. முதுமலைக்கோ வேடந்தாங்கலுக்கோ செல்வதிலும் படைப்பைப் பார்த்துச் சிந்திக்கும் நன்மை உண்டு. பூமியில் பயணம் செய்து, படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்குமாறு குர்ஆன் நம்மை அழைக்கிறது. தூரத்தை அது குறிப்பிடவில்லை.

திசை மாறிய தொழுகை

நைரோபியில் இறங்கிய அன்று மக்ரிபுக்கு முஸல்லாவை விரித்தபோது அம்மாவின் கால்கள் தாமாகவே சூரியன் மறைந்த பக்கம் திரும்பின. அறுபது ஆண்டுப் பழக்கம். நம் ஊரில் கிப்லா மேற்கே, சற்று வடக்கு சாய்ந்திருக்கும். கென்யாவிலோ அது ஏறக்குறைய நேர் வடக்கு. மொம்பாசாவும் மக்காவும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் அமைந்துள்ளன. அங்கே நின்றால் கஃபா நேர் வடக்கே இருக்கிறது. ஹரமில் அம்மா கஃபாவை வட்டமாகச் சூழ்ந்து நின்று தொழுதவர்கள்தாம். ஆயினும், “அந்த வட்டத்துல நாம வேற பக்கத்துல வந்து நிக்கிறோம், அவ்வளவுதானே” என்று அவர்கள் சொன்னபோது, எங்கள் பிள்ளைகளுக்கு உலக உருண்டையும் கிப்லாவும் ஒருசேர விளங்கின.

எங்கள் வண்டி ஓட்டுநர் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த சுவாஹிலி முஸ்லிம். அவர் அம்மாவை முதல் நாளே “மாமா” என்று அழைத்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். சுவாஹிலியில் மாமா என்றால் தாய். சகோதரனுக்குக் ‘காகா’ என்பார்கள் என்று அவர் சொன்னதும், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அண்ணனைக் ‘காக்கா’ என்று அழைப்பதை நாங்கள் அவருக்குச் சொன்னோம். செய்திக்கு ‘ஹபாரி’, புத்தகத்துக்கு ‘கிதாபு’, நேரத்துக்கு ‘வகாதி’, நண்பனுக்கு ‘ரஃபீகி’, வெள்ளிக்கிழமைக்கு ‘இஜுமா’. அரபுத்தமிழ் ஓதி வளர்ந்த அம்மாவுக்கு அவற்றுள் பாதி மொழிபெயர்ப்பின்றியே புரிந்தது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதியதுபோல அவர்களும் சுவாஹிலியை அரபு எழுத்தில் எழுதினார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடிய காலத்துக்கு அணித்தே, 1728இல், தபூக் போரைப் பற்றிய சுவாஹிலிக் காவியம் ஒன்று அரபு எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

அங்கே மணிக்கணக்கும் வேறு. சுவாஹிலியில் நாள் சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகிறது. காலை ஏழு மணிக்கு அவர்கள் ‘முதல் மணி’ என்பார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால் இந்தக் கணக்குப் பிசகுவதில்லை. தொழுகை நேரங்களும் அதிகம் மாறுவதில்லை.

மாராவில் கண்டது

நைரோபியிலிருந்து பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இறங்கி, நரோக் வழியாக மசாய் மாராவை அடைய ஐந்தாறு மணி நேரம் ஆயிற்று. ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புல்வெளி அது. தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டியோடு வேலியின்றி இணைந்திருக்கிறது. வில்டபீஸ்ட் எனப்படும், மாட்டின் தலையும் மானின் காலும் கொண்டதுபோன்ற விலங்குகள் பத்து லட்சத்துக்கும் மேல் மழையையும் புல்லையும் தேடி ஆண்டுதோறும் இவ்விரு நிலங்களையும் சுற்றி வருகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை அவற்றை மாராவில் காணலாம். முன்னே வரிக்குதிரைகள் நீண்ட புல்லின் நுனியை மேய்கின்றன. பின்னே வரும் வில்டபீஸ்ட் அடியிலுள்ள குட்டைப் புல்லை மேய்கின்றன. ஒன்றின் வாய் மற்றொன்றின் உணவைத் தயாரித்து வைக்கிறது. எதற்கும் அங்கே களஞ்சியம் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு கூட்டை விட்டுப் பறந்து மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு உவமையாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதை ஒரு நிலப்பரப்பு முழுவதும் விரித்துவைத்ததுபோல் இருந்தது.

இரண்டாம் நாள் காலை, நாங்கள் ஒரு மந்தையின் அருகே நின்றிருந்தோம். பனிக்குளிர் இன்னும் விலகவில்லை. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு விரலால் புல்லைக் காட்டினார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு புல்லே எழுந்து ஓடுவதுபோல் ஒரு பெண் சிங்கம் பாய்ந்தது. மந்தை இரண்டாகப் பிளந்தது. கடைசியில் ஓடிய ஒரு கன்று தரையில் கிடந்தது. எல்லாம் சில நொடிகள். புழுதி அடங்கியபோது ஒரேயொரு தாய் மட்டும் திரும்பி நின்றிருந்தது. இரண்டு முறை முன்னும் பின்னும் நடந்தது, மூக்கால் சீறியது. மந்தை நகரத் தொடங்கியதும், சற்று நின்று பார்த்துவிட்டு அதுவும் நடந்தது.

எங்கள் மகள் முகத்தை மூடிக்கொண்டாள். வண்டியில் யாரும் பேசவில்லை.

அன்றிரவு கூடாரத்தில் இஷா தொழுத பின் அவள் கேட்டாள்: “ஒவ்வொரு ரக்அத்திலும் அர்ரஹ்மான், அர்ரஹீம் என்று ஓதுகிறோமே. அந்தக் கன்றுக்கு அந்த ரஹ்மத் எங்கே இருந்தது?”

அவள் கன்றைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. அத்தாவின் கடைசி நாட்களில் அவருக்கு மூச்சு வாங்கியதை அருகிலிருந்து பார்த்தவள் அவள். அப்போது கேட்காததை இப்போது கேட்கிறாள்.

நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். ஒவ்வோர் உயிரின் உணவுக்கும் அல்லாஹ்வே பொறுப்பேற்றிருக்கிறான். அந்தச் சிங்கத்துக்கும் குட்டிகள் உண்டு. சிங்கம் உண்டதுபோகக் கழுதைப்புலியும் நரியும் கழுகும் உண்டு, எலும்பும் மண்ணாகி, அந்த மண்ணில் மீண்டும் புல் முளைக்கிறது. வயதாகி, நடக்க முடியாமல் கிடந்து இறப்பதைக் காட்டிலும் இது விரைவானது. அவள் பொறுமையாகக் கேட்டாள். “சிங்கக்குட்டிக்கு இது சரி. கன்றுக்கு?” என்றாள். எங்களிடம் பதில் இல்லை.

மூலையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த அம்மா பேசினார்கள். பல மாதங்களில் அவர்கள் தாமாகத் தொடங்கிய நீண்ட பேச்சு அதுதான்.

“அந்தத் தாயைப் பார்த்தியா? அதுக்கு உட்கார்ந்து அழ நேரமில்ல. நின்னா அதையும் புடிச்சிடும். அதனால நடந்துடுச்சு. எனக்கு அல்லாஹ் நாலு மாசம் பத்து நாள் கொடுத்தான். யாரும் என்னை வேலைக்கு எழுப்பல, யாரும் கல்யாணப் பேச்சு பேசக்கூடாது, வாசலுக்கு வான்னு கூப்பிடக்கூடாது. அழுறதுக்குன்னே ஒரு காலத்தை ஒதுக்கிக் கொடுத்தான். அதை நான் இத்தனை நாளா சிறைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு அந்த மாட்டைப் பார்த்ததும்தான் அது எவ்வளவு பெரிய ரஹ்மத்துன்னு தெரிஞ்சுது. கன்னுக்கு என்ன கொடுத்தான்னு எனக்குத் தெரியாதும்மா. அது அவனுக்கும் அதுக்கும் நடுவுல உள்ளது. உங்க நன்னாவுக்கு என்ன கொடுத்தான்கிறதும் அப்படித்தான். எனக்குக் கொடுத்ததை மட்டும் நான் சொல்ல முடியும்.”

அல்லாஹ் தன் ரஹ்மத்தை நூறு பங்குகளாக்கி, அவற்றுள் ஒன்றையே பூமிக்கு இறக்கினான் என்றும், தாய் விலங்கு தன் குட்டியை மிதித்துவிடாமல் குளம்பைத் தூக்குவதுகூட அந்த ஒரு பங்கினால்தான் என்றும் ஹதீஸில் வருகிறது. மீதித் தொண்ணூற்றொன்பதும் மறுமைக்கு. இதை மகளிடம் சொன்னபோது அவள் உடனே சமாதானமாகிவிட்டாள் என்று எழுதினால் அது உண்மையாகாது. “இன்னும் யோசிக்கிறேன்” என்றாள். ஆனால் நன்னாவைப் பற்றி அன்றிரவு அவளும் அம்மாவும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மறைந்த பிறகு அவ்விருவரும் அவரைப் பற்றிச் சேர்ந்து பேசியது அதுவே முதல் முறை. இடையிடையே சிரிப்பும் கேட்டது. பிள்ளைகள் இத்தகைய கேள்விகளைக் கேட்கும்போது, “இப்படியெல்லாம் கேட்கக்கூடாது” என்று வாயடைத்துவிடாதீர்கள் என்பது எங்கள் பணிவான வேண்டுகோள். பதில் தெரியாவிட்டாலும் உடன் அமர்ந்திருங்கள்.

மறுநாள் தங்குமிடத்து உணவு மேசையில், தட்டில் மீந்த உணவைப் பார்த்து எங்கள் மகன், “காட்டில் இப்படி எதுவும் வீணாகவில்லையே” என்றான். நம் வலீமா விருந்துகளின் இலைகள் எங்கள் கண்முன் வந்துபோயின.

இரும்புப் பாதையில் கடலுக்கு

மாராவிலிருந்து நைரோபி திரும்பி, அங்கிருந்து மொம்பாசாவுக்கு ரயிலில் சென்றோம். ஜங்ஷன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரயில் புதிதன்று. ஆனால் ஜன்னல் வழியே செம்மண் பூசிய யானைகளைப் பார்ப்பது புதிது. 2017இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை சாவோ தேசியப் பூங்காவை ஊடறுத்துச் செல்கிறது. இதற்கு அருகிலேயே, 1896 முதல் 1901 வரை போடப்பட்ட பழைய பாதையின் தடம் இருக்கிறது. அதைப் போட ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கப்பலில் கொண்டுசென்றனர். அவர்களுள் பஞ்சாபி முஸ்லிம்கள் பலர். நோயாலும் விபத்தாலும் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். 1898இல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் தொழிலாளர் கூடாரங்களில் புகுந்து பலரைக் கொன்றன. பெயர் தெரியாத அந்த மக்களுக்காக ரயிலிலேயே ஒரு ஃபாத்திஹா ஓதினோம்.

மிஹ்ராபில் பீங்கான்

எங்கள் அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டில் தேநீர் கொடுத்தாலும், குடித்து முடித்ததும் கோப்பையைத் திருப்பி அடியைப் பார்ப்பார்கள். நகத்தால் தட்டி ஓசை கேட்பார்கள். பட்டறைக்காரர் மனைவியின் பழக்கம் அது. அத்தா மறைந்தபின் அதையும் விட்டிருந்தார்கள். மொம்பாசாவுக்கு வடக்கே, மலிந்தி அருகே கேடி என்னும் பழைய முஸ்லிம் நகரின் இடிபாடுகளில் அது திரும்பி வந்தது.

பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட ஊர் கேடி. ஜும்ஆப் பள்ளி, அரண்மனை, கிணறுகள், கழிவுநீர் வழிகள், ஹிஜ்ரி 802, அதாவது கி.பி. 1399 என்று ஆண்டு பொறித்த ஒரு கல்லறை. பதினேழாம் நூற்றாண்டில் மக்கள் விட்டுச்சென்ற பிறகு காடு அதை மூடியது. 2024 ஜூலையில் புதுதில்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில்தான் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தோண்டியபோது சீனப் பீங்கான்கள் குவியலாகக் கிடைத்தன. இந்தக் கடற்கரையின் பழைய பள்ளிவாசல்களில் மிஹ்ராபைச் சுற்றியும், தூண் வடிவக் கல்லறைகளிலும் பீங்கான் கிண்ணங்களைப் பதிப்பது வழக்கமாம்.

எங்கோ ஒரு சூளையில் யாரோ சுட்ட கிண்ணம், ஆறு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மெருகு மங்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அம்மா நெடுநேரம் அதைக் குனிந்து பார்த்தார்கள். “நல்லா வெந்திருக்கு” என்றார்கள். அத்தாவின் வாயில் வரும் அதே சொல்.

இதே பீங்கான் நம் கடற்கரைக்கும் வந்திருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. மலிந்தியின் ஆட்சியாளர் 1415இல் சீனப் பேரரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியை அனுப்பிய காலத்தில், சீனக் கப்பற்படையை நடத்தியவர் செங் ஹே என்ற முஸ்லிம். அவர் இலங்கையின் காலியில் நிறுவிய கல்வெட்டில் சீனமும் பாரசீகமும் தமிழும் இருக்கின்றன. 1331இல் மொம்பாசாவில் ஓர் இரவு தங்கிய இப்னு பதூதா, பள்ளிவாசல் வாயிலில் கால் கழுவிக்கொண்டு மக்கள் உள்ளே நுழைவதைக் குறித்துவைத்தார். பின்னாளில் அவரே மதுரை சுல்தானின் அவைக்கும் வந்து சேர்ந்தார். மொம்பாசாப் பழைய நகரின் பள்ளியில் வெள்ளிக்கிழமை எங்கள் கால்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது, நம் ஊர் ஹவுலின் படிகளில் அமர்ந்திருப்பதுபோலவே இருந்தது. ஸஃப்பில் அருகே நின்ற முதியவர் தொழுகை முடிந்ததும் கைகொடுத்து, எந்த ஊர் என்று கேட்டு, எங்கள் அத்தாவுக்காகத் துஆச் செய்தார்.

செல்ல விரும்புவோருக்கு

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் நாடு திரும்பும்போது தனிமைப்படுத்தப்படலாம். கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை; துணிப்பை கொண்டுசெல்லுங்கள்.

பூங்காவில் அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக்கூடாது. எனவே லுஹர் எங்கே தொழுவது என்பதைக் காலையிலேயே ஓட்டுநரிடம் பேசிவையுங்கள். கஸ்ர், ஜம்உ பற்றி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுச் செல்லுங்கள். கடற்கரையில் ஹலால் உணவு எளிது. பிலாவும் சமூசாவும் நம் வீட்டு உணவைப்போலவே இருக்கும். உள்நாட்டுத் தங்குமிடங்களில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள். அதிகாலையில் குளிரும், முதியவர்களுக்குக் கம்பளி அவசியம்.

முதியவர்களை அழைத்துச் செல்லுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அவர்களுக்கு முடியாது என்று நாமே முடிவுசெய்துவிடுகிறோம். எங்கள் குழுவில் ஒருநாள்கூடச் சோர்ந்து படுக்காதவர் அம்மாதான். திரும்பி வந்த இரண்டாம் வாரம், பூட்டிக் கிடந்த பட்டறையின் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். இப்போது வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் அமர்ந்து, பொம்மை அச்சு வார்க்கும் பெண்களுக்குத் துணையாக இருக்கிறார்கள். பெரிய லாபம் இல்லை, சூளை எரிகிறது.

மறைந்தவர்களின் கப்ருகளை அல்லாஹ் விசாலமாக்குவானாக. பிரிவைச் சுமப்பவர்களுக்கு அழவும் எழவும் வேண்டிய காலத்தை அருள்வானாக. நம் பயணங்களைப் படிப்பினை தரும் பயணங்களாக ஆக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.